முந்திக்கொண்ட ‘ம்’

சரவணம்பட்டி பொன்வயல் அபார்ட்மெண்டில் பொன்னும் கிடையாது, வயலும் கிடையாது. லிஃப்ட் உண்டு. அதில் நாலு நாள் ஏறி இறங்கினால் எல்லார் வீட்டு விசயமும் தெரிந்துவிடும். இரண்டாவது மாடி கோகிலவாணிக்கு இரண்டு வாய் இருக்கிறது என்பது அப்படித் தெரிந்ததுதான். ஒரு வாயால் அவள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரைப் பார்த்து ஆபீஸ் கூட்டத்தில் வாதாடிக்கொண்டிருப்பாள். அதே நிமிடம் அவளுடைய இன்னொரு வாய், காங்கயத்தில் இருக்கும் அக்கா சாந்தாமணியிடம் “ம்... அட... அப்பறம்?” என்று கதை கேட்டுக்கொண்டிருக்கும்.

மாயமெல்லாம் இல்லை. ‘உடன்செவி’ என்று ஓர் ஆப். “நீங்க வேலையப் பாருங்க, நாங்க ‘ம்’ கொட்டறோம்” என்று பஸ் முதுகிலெல்லாம் விளம்பரம் ஒட்டியிருந்தார்களே, அதேதான். யாராவது கூப்பிட்டால் உங்கள் போன் சிணுங்கக்கூடச் சிணுங்காது. உங்கள் குரலிலேயே அது எடுக்கும், கேட்கும், இடம் பார்த்து ‘ம்’ கொட்டும், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கும். சாயங்காலம் இரண்டு வரியில் சுருக்கம் வந்து விழும். சொந்தக்காரர்களைப் பகைத்துக்கொள்ளாமல் சொந்தக்காரர்களிடமிருந்து தப்பிக்க இதைவிட நல்ல வழியை இதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை. பொன்வயலில் உடன்செவி இல்லாத வீடு ஒன்றே ஒன்று, மூன்றாவது மாடி ஈஸ்வரியக்கா வீடு. அந்த அம்மாள் வாழ்வதே கேட்பதற்காக. அதைப் போய் மிசினிடம் கொடுப்பாளா?

இதில் வாணிக்குத் தனிப் பெருமை ஒன்று இருந்தது. உடன்செவியைச் செய்த கம்பெனியில்தான் அவளுக்கு வேலை. அதன் உயிரான ஒரு வரியை எழுதியது அவள்தான். அந்த வரிக்காகக் கம்பெனியில் கேக் வெட்டிப் பொன்னாடையும் போர்த்தினார்கள். போட்டோவை ஹாலில் மாட்டியிருந்தாள். வருகிறவர்கள் யாரும் கேட்காமலே, “அது சும்மா, ஆபீஸ்ல கொடுத்தது” என்பாள்.

எல்லாம் ஈஸ்வரியக்கா ஊரில் இல்லாத வரைக்கும்தான். அந்த அம்மாள் மகள் பிரசவத்துக்கு ஓசூர் போய் ஒரு மாசத்துக்கு மேல் தங்கிவிட்டுத் திரும்பிய அன்று, லிஃப்ட் கதவு மூடுவதற்குள் ஆரம்பித்தாள்.

“ஏம்மா வாணி, உங்கக்கா வந்தாங்களே, இருக்காங்களா, போயிட்டாங்களா?”

“எங்கக்காளா? அவ எங்கீங்க வந்தா?”

“அதென்னம்மா அப்படிச் சொல்றே? நான் ஓசூர் போறதுக்கு முந்தின நாள், ஆவணி முகூர்த்தத்தன்னைக்கு, சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருந்தாங்களே. கால்மாட்டுல ஒரு பொட்டி, மடியில ஒரு பை. உங்க வீட்டுக் கிரகப்பிரவேசத்துல பாத்த மொகம், மறப்பேனா? நான் பல்லடத்துக் கல்யாணத்துக்குப் பஸ் ஏறப் போறேன், விடியாமூஞ்சியா உக்காந்திருக்காங்க. கல்யாணம் முடிச்சுப் பொழுதோட திரும்பி வந்து எறங்கறேன், அதே பெஞ்சு, அதே பொட்டி. ‘ஏனுங், யாருக்குக் காத்திருக்கறீங்க’ன்னேன். ‘தங்கச்சி வர்றா. கேட்டேன், ம்ன்னா’ன்னாங்க.”

வாணிக்குக் காது இரண்டும் சூடேறியது. இருந்தாலும் வாய் தானாக ஒரு பொய்யை எடுத்து வைத்தது.

“ஆமாங்க்கா, நாந்தான் கொஞ்சம் லேட்டாயிட்டேன். அப்பறம் போய்க் கூட்டிட்டு வந்துட்டேன்.”

“இப்பத்தான் ‘எங்கீங்க வந்தா’ன்னே?” என்றாள் ஈஸ்வரியக்கா. குரலில் கோபமே இல்லை. கொய்யாப்பழத்தைக் கடித்துப் பார்த்து உள்ளே புழு என்று தெரிந்துகொண்டவள் முகம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. இரண்டாவது மாடி வந்தது. வாணி இறங்கிவிட்டாள். கதவு மூடும் வரை ஈஸ்வரியக்கா அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே போனாள். அந்தப் பார்வை வீட்டுக்குள் வந்த பிறகும் முதுகிலேயே இருந்தது.

அந்த முகூர்த்த நாள் சாயங்காலச் சுருக்கம் என்ன சொன்னது? யோசித்துப் பார்த்தாள். ஏழெட்டு மாசமாக அக்கா விசயத்தில் ஒரே சுருக்கம்தான்: ‘அக்கா பேசினார். ஊர் விசயம். வீட்டில் வழக்கம் போல.’ வாணி தினமும் அதற்குக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் பொம்மையைத் தட்டிவிட்டுக் குளிக்கப் போய்விடுவாள்.

மறுநாள் ஆபீஸ் கேண்டீனில் அன்வர்தீனைப் பிடித்தாள். அவன் ‘பின்கட்டு’ ஆள், இவள் ‘முன்கட்டு’. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஆபீசில் செல்லமாக வைத்துக்கொண்டது. போனை எடுத்து யார் கண்ணுக்கும் படாமல் சதா கேட்டுக்கொண்டே இருக்கிறதே, அந்தப் புரோகிராம் பின்கட்டு. உங்கள் போன் திரையில் சுருக்கம், செய்தி, சிவப்பு மணி எல்லாம் கொண்டுவந்து காட்டுகிற சர்வர் முன்கட்டு. சமையல்காரருக்கும் பந்தி பரிமாறுகிறவருக்கும் உள்ள அதே உறவு. பாயசம் தீய்ந்தால் அவர் இவரைச் சொல்வார், இவர் அவரைச் சொல்வார்.

“அன்வர், உன் ஆளு ஒரு மடையன்,” என்றாள் எடுத்த எடுப்பில். “எங்கக்கா ஊரிலிருந்து கெளம்பி வர்றேங்கறா, அதுக்குப் போய் ‘ம்’ன்னு சொல்லியிருக்கு. ‘கேட்டுட்டிருக்கியா’ங்கறது தவிர வேற என்ன கேள்வி கேட்டாலும் என்னைக் கேக்காம ‘ம்’ சொல்லக் கூடாதுன்னு விதி இருக்குல்ல?”

அன்வர்தீன் பப்ஸைக் கீழே வைத்தான். “இருக்கு. என் ஆளு விதியை மீற மாட்டான் தாயே. பந்தியில நிக்கற உன் ஆளுங்க மாதிரி இல்ல அவன்.”

“அப்ப எப்படி?”

“அவனையே கேளு.”

பின்கட்டிடம் நேராகப் பேசலாம் என்பதே பலருக்குத் தெரியாது. யாரும் பேசியதும் இல்லை. அன்வர்தீன் தன் மடிக்கணினியில் எதையோ தட்டி அவள் பக்கம் திருப்பினான். வாணி குனிந்து, ரகசியம் கேட்கிற மாதிரி கேட்டாள்: “ஆவணி முகூர்த்தத்தன்னைக்கு எங்கக்கா என்ன கேட்டாங்க?”

பதில் வந்தது. அவளுடைய குரலிலேயே வந்தது. அவள் குரலைவிடக் கொஞ்சம் பொறுமையாக இருந்தது, அவ்வளவுதான்.

“அதுக்கு முந்தின நாள் கேட்டாங்க. ‘வாணி, என்னால இந்த வீட்டுல முடியல, பொட்டியக் கட்டிட்டு உங்கூடவே வந்துரட்டுமா’ன்னு. இது கேள்வி. அதனால நான் பதில் சொல்லல. முன்கட்டுக்குச் சொல்லியனுப்பினேன், அவசரம்ன்னு. முன்கட்டு ‘ம்’ன்னுச்சு. முன்கட்டு ‘ம்’ன்னா உங்களுக்குச் சேதி வந்துருச்சு, நீங்க சரின்னுட்டீங்கன்னு அர்த்தம். அதனால நானும் அக்காகிட்ட ‘ம்’ன்னேன்.”

“அப்பறம்?”

“மறுநாள் காலையில ‘சிங்காநல்லூர் வந்துட்டேன், கூட்டிட்டுப் போக வர்றியா’ன்னாங்க. சொல்லியனுப்பினேன். ‘ம்’ வந்துச்சு. மத்தியானம் ‘கெளம்பிட்டியா சாமி’ன்னாங்க. ‘ம்’ வந்துச்சு. பொழுது சாயறப்ப ‘வருவேல்ல?’ன்னாங்க. அதுக்கும் வந்துச்சு. அதுக்கப்பறம் அக்கா கேக்கறத நிறுத்திட்டாங்க.”

கேண்டீனில் யாரோ தட்டைத் தூக்கித் தொட்டியில் போட்டார்கள். வாணி அந்தச் சத்தத்துக்கே துள்ளினாள்.

“எனக்கு ஒரு சேதியும் வரலையே அன்வர். ஒண்ணுகூட வரல.”

“முகூர்த்த நாளும் அதுக்கு முந்தின நாளும் எத்தனை கூட்டம் தெரியுமா? தமிழ்நாட்டுல பாதிப் பேரு மீதிப் பாதிப் பேருக்கு ‘ஏன் கல்யாணத்துக்கு வரல’ன்னு போன் போட்ட நாளு. உன் முன்கட்டு மூச்சுத் திணறியிருக்கும். திணறினா என்ன பண்ணும்னு நீதானே எழுதினே?”

அவள்தான் எழுதினாள். போன தீபாவளிக் காலையில் இதே மாதிரிக் கூட்டம். பின்கட்டு சேதி அனுப்பும், முன்கட்டு தலைக்கு மேல் வேலையில் பதில் சொல்லாது. பதில் வராததால் பின்கட்டு அதே சேதியை மறுபடி அனுப்பும், மறுபடியும் அனுப்பும். ஒன்றுக்கு நூறாய்க் குவிந்து எல்லாம் மொத்தமாய்ப் படுத்துவிட்டது. அன்றைக்குப் பாவம், ஊரே சொந்தக்காரர்களிடம் சொந்த வாயால் பேச வேண்டி வந்தது. அதில் முறிந்த உறவுகள் இன்னும் ஒட்டவில்லை. அப்போதுதான் வாணி அந்த வரியை எழுதினாள். சேதி வந்ததும் முன்கட்டு முதலில் ‘ம்’ சொல்லிவிட வேண்டும், பிறகு படித்துப் பார்க்கலாம். படிக்க நேரமில்லையென்றால் ஓரமாய்த் தள்ளிவிடலாம். பின்கட்டு அந்த ‘ம்’மைக் கேட்டதும் அடங்கிவிடும், அதற்கு மேல் தொந்தரவு செய்யாது. கேக்கும் பொன்னாடையும் இதற்குத்தான்.

“எங்க ஊட்டுக்காரரு எங்கிட்டச் சொல்ற அதே ‘ம்’,” என்றாள் வாணி மெதுவாக. “கிரிக்கெட் பாத்துக்கிட்டே.”

“அதேதான். அந்த ‘ம்’மை நீ மிசினுக்குச் சொல்லிக் குடுத்துட்டே. என் ஆளுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ‘கேட்டுட்டிருக்கேன்’கறதும் ‘ம்’, ‘சரி’ங்கறதும் ‘ம்’, ‘ஆள விடு’ங்கறதும் ‘ம்’. நாம ஒரே எழுத்த வெச்சுக்கிட்டு மூணு குடும்பம் நடத்தறோம்.” சிரிக்க வைக்கத்தான் சொன்னான். அவள் முகத்தைப் பார்த்ததும் பப்ஸைப் பொட்டலம் கட்ட ஆரம்பித்தான். “வாணி... அன்னைக்கு உங்கக்கா மட்டும்தான் கேட்டிருப்பாங்கன்னு நினைக்கறியா?”

வாணி எழுந்துவிட்டாள். சீட்டுக்குப் போய் அந்த வரியை மாற்றினாள். இனிமேல் சேதி போன் திரையில் தெரிந்து, ஆள் தொட்டுப் பதில் சொன்னால்தான் முன்கட்டு ‘ம்’ சொல்லும். பதில் வராவிட்டால் பின்கட்டு ‘இருங்க, அப்பறம் சொல்றேன்’ என்று உள்ளதைச் சொல்லிவிடும். மாற்றத்துக்குக் காரணம் எழுதச் சொல்லி ஒரு கட்டம் வந்தது. ‘என்னால் ஒருத்தி பெட்டியோடு பகல் முழுக்கப் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தாள்’ என்றா எழுத முடியும்? ‘சிறு திருத்தம்’ என்று எழுதினாள். எழுதிவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காங்கயம் போனாள்.

அக்கா வீட்டுக்காரர் தங்கமுத்து களத்தில் தேங்காய் காயப்போட்டுவிட்டு வந்து வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். “வாம்மா வாணி! சகலை ஜெகதீசன் வரலையா? பஸ்ஸுல எடம் கெடச்சுதா? கோயமுத்தூர்ல மழை எப்படி?” என்று வாய் நிறையக் கேட்டார். எவ்வளவு நல்ல மனுசன் என்று வாணிக்குத் தோன்றியது. அப்புறம் அவர் வீட்டு உள்பக்கம் திரும்பி, அதாவது சுவரைப் பார்த்து, “வந்தவங்களுக்குக் காபி குடுக்கலாம்,” என்றார்.

சாந்தாமணி காபியோடு வந்தாள். ஒரு தம்ளரைத் தங்கமுத்துவின் பக்கத்தில் வைத்தாள். “சக்கரை பத்தலைன்னா சொல்லுங்க.” அவர் பேப்பரைத் திருப்பினார். ஒரு வாய் குடித்துவிட்டு, தம்ளரைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினார். சாந்தாமணி உள்ளே போய்ச் சர்க்கரை டப்பாவை எடுத்துவந்தாள்.

சமையல்கட்டுக்குள் போனதும் வாணி கேட்டாள்: “மாமா உங்கிட்டப் பேச மாட்டாராக்கா?”

சாந்தாமணி திரும்பி அவளை வினோதமாகப் பார்த்தாள். “என்னடி புதுசாக் கேக்கறே? தெனமும் சொல்றேன்?”

வாணி சட்டென்று அடுப்பைப் பார்த்தாள். ‘வீட்டில் வழக்கம் போல’ என்றால் இதுதான். தினமும் ஒரே விசயத்தைச் சொன்னால் மிசின் அதை வழக்கத்தில் சேர்த்துவிடும். அது மிசினின் தப்பில்லை. சுருக்கம் இரண்டு வரிக்கு மேல் போகக் கூடாது என்று கேட்டவளும் இவள்தான்.

“இல்லக்கா... நேர்ல பாக்கறப்பத்தான் நெஞ்சுல படுது.”

“பெருமாநல்லூர்க் கல்யாணத்துப் பந்தியில நாலு பேருக்கு முன்னால ‘உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இருங்க’ன்னுட்டேன். ஒரு வார்த்தை. அன்னைக்கு மூடின வாய். என் பையன் படிக்கப் போற வரைக்கும் அவன் நடுவுல தூது. இப்ப அவனும் இல்ல. ‘சோறு போடட்டுங்களா’ம்பேன், சத்தமிருக்காது. ‘மேலுக்குச் சொகமில்லீங்களா’ம்பேன், சத்தமிருக்காது. ஊர்ல சொன்னா, ‘அடிக்கறாரா? இல்ல. குடிக்கறாரா? இல்ல. அப்பறம் உனக்கு என்னடி கொறை’ங்கறாங்க. கொறையாச் சொல்லவும் வாயில்ல.” தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். “ஒரு நாளைக்கு என் காதுல விழுகற ஒரே பதிலு உன்னோட ‘ம்’தான் சாமி.”

வாணி வரும்போது பஸ்ஸில் வார்த்தை வார்த்தையாகக் கோத்து வைத்திருந்தாள். அக்கா, அது நானில்லை. அவ்வளவுதான், மூன்றே வார்த்தை. இப்போது அது வாயில் வரமாட்டேன் என்றது. சொன்னால், ‘எல்லாம் கேட்டும் வராமல் இருந்துவிட்டாள்’ என்ற பழி தன் தலையிலிருந்து இறங்கிவிடும். ஆனால் இத்தனை மாசம் அக்கா யாரிடம் பேசினாள் என்று ஆகும்? அந்த வீட்டில் சுவர் ஒன்றுதான் இருந்தது, இப்போது இரண்டு என்று ஆகும். சொல்லாவிட்டால், பெட்டியோடு அக்காவை உட்காரவைத்துவிட்டு வீட்டில் படுத்துத் தூங்கினவள் என்று ஆகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் மானம் போகிறது. எந்தப் பக்கம் போனால் கொஞ்சம் குறைவாகப் போகும் என்று கணக்குப் போடுகிற தன் புத்தியை நினைத்து அதற்கும் சேர்த்துக் கூசினாள்.

“அக்கா, அன்னைக்கு சிங்காநல்லூர்ல...”

“அத விடு,” சாந்தாமணி அவசரமாக மறித்தாள். அவள் முகமும் சிவந்திருந்தது. “தப்பு என்னோடது. நீ ‘ம்’ன்னது கேட்டுட்டிருக்கேன்னு. நான் சரின்னு எடுத்துக்கிட்டேன். கட்டிக் குடுத்த பொண்ணு வயசான காலத்துல பொட்டியத் தூக்கிட்டு வர்றேன்னா, மூஞ்சிக்கு நேரா வேண்டாம்னு யாரு சொல்லுவா? எனக்கு அது பஸ் ஸ்டாண்டுல உக்காந்தப்பறம்தான் புரிஞ்சுது. கடைசி பஸ்ஸுல வந்து சேந்தேன். இந்த மனுசன் கதவத் தெறந்தாரு. எங்க போனேன்னுகூடக் கேக்கல.”

“இல்லக்கா...”

“அதுக்கப்பறமும் நீ ஒரு நாள் தவறாம போன எடுத்தே. வேலையிருக்குது வைய்யின்னு ஒரு தடவ சொன்னதில்ல. நானே வெச்சாத்தான் வெச்சே. கூடப் பொறந்தவ அதுக்கு மேல என்ன செய்வா?”

இப்படி நல்ல பெயர் எடுத்துவிட்டால் அப்புறம் உண்மையை எங்கே போய்ச் சொல்வது?

“அக்கா, இப்பவே கெளம்பு. எங்கூட. நெசமாத்தான் சொல்றேன்,” என்றாள் வாணி.

“நெசமாவா?”

“ம்.”

சாந்தாமணி சிரித்துவிட்டாள். “அந்த ‘ம்’மை நம்பி ஒரு தடவ உக்காந்தாச்சு கண்ணு.” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். வாணிக்கு அறை வாங்கின மாதிரி இருந்தது. “ரோசனை பண்ணி நாளைக்கு மத்தியானமா போன்ல சொல்றேன். போன்லதான் எனக்குப் பேச வருது. நேர்ல ஏனோ நீ வேற மாதிரி இருக்கறே. பாரு, நான் பேச ஆரம்பிச்சதுல இருந்து எத்தனை தடவ கடியாரத்தப் பாத்துட்டே!”

கோயமுத்தூர் திரும்பும் பஸ்ஸிலேயே வாணி அக்கா பெயரை உடன்செவியிலிருந்து நீக்கினாள். மறுநாள் லீவு போட்டாள். சாப்பிட்டுக் கைகழுவி, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ரொம்ப நாளைக்கப்புறம் அக்கா பெயரில் போன் சிணுங்கியது.

“வாணி, நேத்து நீ போனப்பறம் என்னாச்சு தெரியுமா? பக்கத்துக் களத்துக்காரி வந்து...”

“ம். ம். சொல்லுக்கா.”

“...வந்து, உந்தங்கச்சி எதுக்கு வந்தாங்கறா. நான் சும்மான்னேன். சும்மாவுக்கு யாராவது பஸ்ஸேறி வருவாங்களாங்கறா...”

“அவளுக்கு எதுக்குக்கா நீ பதில் சொல்றே? போடின்னுட்டு வர வேண்டியதுதான?”

எதிர்முனையில் பேச்சு நின்றது. வாணி அடுத்த ‘ம்’மைப் போட்டாள். கொஞ்சம் சீக்கிரமாகப் போட்டுவிட்டாள் என்று அவளுக்கே தெரிந்தது.

“யாரு பேசறது?” என்றாள் சாந்தாமணி.

“நாந்தாங்க்கா. வாணி.”

“வாணி இப்படிக் குறுக்க பேச மாட்டாளே. கொரலு அவ கொரலாட்டத்தான் இருக்குது... இந்தக் காலத்துல என்னென்னவோ ஆப்பு வந்திருக்குதாம், ஆளு மாதிரியே பேசுமாம். நீ அதுதான?” சாந்தாமணியின் குரல் கறாராகியது. “அவகிட்ட ஒரு விசயம் நேரடியாச் சொல்லோணும். அவ வந்ததும் கூப்படறேன். நீ வைய்யி.”

வைத்துவிட்டாள்.

வாணி போனைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று லிஃப்டில் யாருக்கும் தெரியாது. ஆனால் அவள் செய்த காரியம் மட்டும் பின்னால் அன்வர்தீன் மூலமாகக் கசிந்தது. அக்கா பெயரை மறுபடி உடன்செவியில் சேர்த்தாள். சேர்த்துவிட்டு, போன் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் அங்கேயே காத்திருந்தாள்.

போன் சிணுங்கவில்லை. திரையில் மட்டும் ‘அக்கா பேசுகிறார்’ என்று எழுத்து ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. களத்துக்காரி கதை, கோழி காணாமல் போன கதை, எல்லாம் போயிருக்கும். பிறகு சிவப்பு மணி எரிந்தது. முன்கட்டு காட்டியது: ‘அக்கா கேட்கிறார்: வெள்ளிக்கிழமை வந்துவிடட்டுமா? இந்தத் தடவை நிஜமாக வருவாயா? என்ன சொல்லட்டும்?’

வாணி ‘ம்’ என்று அடித்தாள். உடனே அழித்தாள். ‘வா. விடிவதற்கு முன்னால் வந்து அந்த பெஞ்சிலேயே நான் உட்கார்ந்திருப்பேன் என்று சொல்’ என்று அடித்தாள். பின்கட்டு அதை அவள் குரலில், அவளுக்கு வராத பொறுமையோடு, அக்காவிடம் சொன்னது. அக்கா நம்பினாள்.

வெள்ளிக்கிழமை வாணி அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். காங்கயம் வழியாக வரும் கரூர் பஸ்ஸிலிருந்து சாந்தாமணி இறங்கினாள். தங்கையைக் கண்டதும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “எப்ப வந்தே?” என்றாள். “இப்பத்தான்,” என்றாள் வாணி. அது பொய். அவள் சொன்ன பொய்களில் அது ஒன்றுதான் அவளுக்குக் கூச்சம் தராதது.

இப்போது சாந்தாமணி பொன்வயலில்தான் இருக்கிறாள். லிஃப்டில் வருவாள், போவாள். ஈஸ்வரியக்காவுக்கு நல்ல சிநேகம். தங்கமுத்து ஒரு தடவை வந்து, “வீடு பூட்டியே கெடக்குது,” என்று ஜெகதீசனைப் பார்த்துச் சொல்லிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார். தம்ளரைத் தட்டினாராம். யாரும் சர்க்கரை கொண்டுவரவில்லையாம்.

எல்லாம் சரிதான். ஒன்றே ஒன்றுதான் ஈஸ்வரியக்காவுக்கே பிடிபடவில்லை. மத்தியானமானால் சாந்தாமணி தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு யாரிடமோ மணிக்கணக்காகப் போனில் பேசுகிறாள். யாரிடம் என்று ஒருநாள் கேட்டே விட்டாள். “வாணிகிட்டத்தானுங்க,” என்றாள் சாந்தாமணி வெட்கத்தோடு. “நேர்ல சொல்ல ஒரு மாதிரி கூச்சமா இருக்குதுங்க. போன்ல அவ அருமையாக் கேப்பா.”

வீட்டிலிருந்து வேலை பார்க்கிற நாளென்றால் அந்த நேரத்தில் வாணி ஆபீஸ் கூட்டத்தில் இருப்பதில்லை. நடுவில் எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தமில்லாமல் வந்து அக்கா அறைக் கதவுக்கு இந்தப் பக்கம் நிற்பாள். உள்ளே அக்காவின் குரல் கேட்கும். ஸ்பீக்கரில் தன் குரல், “ம்... அட... அப்பறம்?” என்று கேட்கும். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே சும்மா இருக்க வேண்டும் என்று அதற்கு எவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்கிறது! வாணி சுவரில் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே நிற்பாள். ஹாலில் மாட்டியிருந்த பொன்னாடை போட்டோ இப்போது அங்கே இல்லை. ஆணி மட்டும் இருக்கிறது.

ஒருநாள் உள்ளே பேச்சு தணிந்தது. “வாணி,” என்றாள் சாந்தாமணி. “நீ கேட்டுட்டுத்தான இருக்கறே?”

“ம்,” என்றாள் வாணி, கதவுக்கு இந்தப் பக்கம்.

உள்ளே ஸ்பீக்கரில் அவள் குரல் முந்திக்கொண்டிருந்தது.